ஒன்பதுக்கு ஒன்று

செம்பு 0.32 என்றது மெஷின்.

நான் நம்பவில்லை. உலையிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, காசு மாதிரி வார்த்து, சோதித்துப் பார்க்க என்னிடம் கொடுத்த இரும்பு வில்லை அது. காயின் என்போம். மறுபடி தேய்த்து மறுபடி வைத்தேன். பொறி வெட்டியது. அரை நிமிடம்.

0.32.

நூற்றுக்கு 0.05தான் இருக்க வேண்டும். இந்த இரும்பு, இழுத்தால் கொஞ்சம் நீண்டுகொடுத்து அப்புறம்தான் அறுபட வேண்டும். இவ்வளவு செம்பு ஏறினால் அதெல்லாம் நடக்காது, பட்டென்று முறியும்.

ஆனால் என் கவலை இரும்புக்காக இல்லை.

உலைக்குப் போகும் பழைய இரும்பைப் பிரித்துப் போடுகிறவன் என் தங்கை புருஷன். என் சிபாரிசில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் அவன் கவனிக்காமல் ஒரு மோட்டார் சுருள் உலைக்குள் போய்விட்டது. இன்னொரு தடவை செம்பு வந்தால் மாப்பிள்ளையை நீயே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்று மேஸ்திரி என்னிடமே சொல்லியிருந்தார்.

போன் அடித்தது.

"என்ன புள்ளி, ஊத்தலாமா?" மேஸ்திரிதான். தசமப் புள்ளிக்கு அப்புறம் வருவதற்கெல்லாம் சண்டை போடுகிறவள் என்பதால் எனக்கு இங்கே அந்தப் பெயர்.

"வேணாம். செம்பு ஏறியிருக்கு."

அவர் போனை வைக்காமலேயே மாப்பிள்ளையைக் கூப்பிட்டது கேட்டது. கூடவே கிரேனின் சத்தமும். காலையிலிருந்தே அது கீச்சுக் கீச்சென்று எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் கேட்டு அழுகிறது என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

எனக்குப் பொய் எழுத வராது. எது விழுந்தது என்று தெரியாமல் விட்டுவிடவும் வராது. சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றி அம்மாவிடம் அடி வாங்கிய கை இது.

மற்ற எண்களைப் பார்த்தேன்.

மறுபடி மோட்டார் சுருளா? அது வெறும் செம்பு. இங்கே வெள்ளீயமும் கூடியிருக்கிறது. 0.01 இருக்க வேண்டிய இடத்தில் 0.04.

பித்தளைக் குழாயா? பித்தளை விழுந்தால் அதிலுள்ள துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாய்க் கிளம்பும், ஷெட்டே இருமும். இன்று யாரும் இருமவில்லை.

வெண்கல மணி ஏதாவதா? மணியென்றால் நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். பேப்பரை எடுத்துக் கழித்தேன். செம்பு கூடியது 0.27. வெள்ளீயம் கூடியது 0.03.

ஒன்பதுக்கு ஒன்று.

உலை ஒரு டன் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து கூடியது நூற்றுக்கு 0.30. அப்படியென்றால் விழுந்த பொருள் மொத்தம் மூன்று கிலோ.

எனக்குக் குஷி வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, தங்கை வீட்டுச் சோறே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, எனக்குக் குஷி. என்ன செய்ய, விடை பக்கத்தில் வந்துவிட்டால் எனக்கு அப்படித்தான்.

இந்த எண்ணை எங்கேயோ எழுதியிருக்கிறேன். என் கையாலேயே.

பதிவு நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். போன வாரத்தில் இல்லை. அதற்கு முந்தைய வாரத்திலும் இல்லை. போன மாதத்தில், நாலாவது பக்கத்தில் இருந்தது.

மெயின்டனன்ஸ் ஃபிட்டர் கொண்டுவந்த மஞ்சள் வளையம். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போடுகிற புது புஷ். விளிம்பில் பொட்டு வைத்த மாதிரி மூன்று இடத்தில் பொறி வைத்து எரித்துப் பார்த்திருக்கிறேன். எஃகுக் குண்டை அழுத்திக் கடினம் பார்த்திருக்கிறேன். செம்பு தொண்ணூறு, வெள்ளீயம் பத்து. எடை மூன்று கிலோ. பாஸ். கீழே என் கையெழுத்து.

'எங்கே போடுவது' என்ற கட்டத்தில் ஃபிட்டர் கோணல் எழுத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தார்.

படித்தேன். பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

உலையடியில் எல்லோரும் குனிந்து நின்றார்கள். கையால், காலால், கம்பியால் மாப்பிள்ளையின் பழைய இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். வீணாய்ப் போன இரும்பைக் கட்டிகளாக ஊற்றிவிடலாம் என்று, உருகிய இரும்பைத் தூக்கிப்போகும் பெரிய வாளியான லேடிலில் இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு டன், செக்கச்செவேல் என்று. கிரேன் கொக்கி மாட்டியாகிவிட்டது. லேடிலை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை நின்றான்.

தூக்கு என்று சொல்ல மேஸ்திரியின் கட்டை விரல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"தூக்காதீங்க!"

இப்படிக் கத்த எனக்குத் தொண்டை இருக்கிறது என்று எனக்கே தெரியாது. விரல் பாதியில் நின்றது. கிளறியவர்களும் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அண்ணாந்து பார்த்தேன்.

கொக்கிக்கு மேலே, ஃபிட்டர் எழுதியிருந்த அந்த 'கிரேன் கப்பி'. உலையில் இரும்பு போடும்போதெல்லாம் உலையின் வாய்க்கு நேர் மேலே தொங்குகிற அதே கப்பி. அதன் நடுவே, அச்சைச் சுற்றி மஞ்சளாய் ஒரு வளையம் தெரிய வேண்டிய இடத்தில், அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

மேஸ்திரியும் அண்ணாந்தார். அவர் கை மெல்ல இறங்கியது.

மாப்பிள்ளை மட்டும் மேலே பார்க்கவில்லை. கண் கலங்கி, நின்ற இடத்திலேயே நின்றான்.

"அக்கா, சத்தியமா நான் எதையும் போடல."

"தெரியும்டா. மொதல்ல நீ இந்தப் பக்கம் வா."