ஒரு லேப்டாப், இரண்டு மருமகள்கள்

பெரிய மருமகளின் படம் வரைகிற சாஃப்ட்வேர் திறக்கவில்லை.

மணி நாலு. அதில் வரைந்து வைத்திருக்கும் எட்டுப் படம் ஆறு மணிக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தக் குழந்தைகள் புத்தகம் வேறு ஆளுக்கு. பதினொரு வருஷம் அடுப்படியே கதியென்று கிடந்தவளுக்கு வந்த முதல் வேலை.

"அத்தை, இது சின்னவ வேலைதான்!" என்று கத்தினாள்.

மாமியாருக்கும் அதே சந்தேகம்தான்.

லேப்டாப் இரண்டு மருமகள்களுக்கும் பொது. கடையில் இருந்ததிலேயே பவர் அதிகமான மெஷின். எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஏற்றினார்கள். பெரியவள் படம் வரைய மட்டும் நாலு. கட்டட இன்ஜினியரான சின்னவள் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று பாதி இடத்தை விழுங்கிவிட்டது. ஒரு வாரமாகச் சண்டை.

"வீட்டுக்குள்ள யானையைக் கட்டிட்டா. நான் எங்க போய் நிக்கிறது?"

"உங்க நாலுல மூணை நீங்க திறந்ததே இல்லையேக்கா."

சின்னவள் வந்து ஆறு மாசம்தான். வாய்க்கு ஆறு வருஷ சர்வீஸ்.

இப்போது அவளையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தட்டினாள். எதையோ திறந்து படித்தாள்.

"என் சாஃப்ட்வேரை யாரோ எடுத்திருக்காங்க. ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஃபைல் உண்டு. அதுவும் கூடவே போயிடுச்சு. அதான் அக்காவோடது திறக்கல."

"யாரோன்னா? பேய் வந்து எடுத்துச்சா?" மாமியார் விடவில்லை. "எப்ப எடுத்ததுன்னு அதுல இருக்காதா?"

"இருக்கு அத்தை. இன்னிக்குக் காலையில. பத்தேகால்."

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் அத்தை. இடம் பத்தலையேன்னு எடுத்தேன். மறந்தே போயிட்டேன்."

"பார்த்தீங்களா!" என்றாள் பெரியவள். சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மாமியார் பிடித்துக்கொண்டார். "படிச்சு என்ன பிரயோஜனம்? அடுத்தவ பொழப்புல மண்ணைப் போட்டுட்டு மறந்துட்டேன்னா ஆச்சா?"

சின்னவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அந்தப் பொது ஃபைலை மட்டும் தேடிப் பிடித்துப் போட்டாள். ஐந்தே முக்காலுக்குத் திறந்தது. எட்டுப் படமும் போயின. கிடைத்ததா என்று கேட்க, பெரியவள் போனோடு மாடிக்கு ஓடினாள்.

"உன்னோடது?" என்றார் மாமியார்.

"ஏத்த நாலு மணி நேரம் ஆகும். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அப்போதுதான் மாமியாருக்கு உறைத்தது.

"ஏய், பத்தேகாலுக்கு நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு கண் ஆஸ்பத்திரியில நின்னியே? வீட்டுல பெரியவ ஒருத்திதானே..."

"மெதுவா அத்தை. காதுல விழுந்துடப் போகுது. இன்னிக்குத்தான் சிரிச்ச முகத்தோட மாடி ஏறியிருக்காங்க."

வேலை முடிந்து பெரிய மகன் உள்ளே நுழைந்தான். "என்னம்மா, லேப்டாப்பைக் கெடுத்து வச்சுட்டாங்களாமே? யாரு?"

இறங்கி வந்த பெரியவள் படியில் பாதியிலேயே நின்றாள்.

"யாரோ கெடுத்தாங்க. அது எதுக்கு இப்ப?" என்றார் மாமியார். "சரி பண்ணது உன் தம்பி பொண்டாட்டி."