செவலை காத்த வீடு

மறுநாள் புயல் கரையைக் கடக்கும் என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். கடலோர வீட்டுக்காரர் ஆட்டை அவிழ்த்தார், கோழிகளைக் கூடையில் அடைத்தார், டிவியைப் போர்வையில் சுற்றினார். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டு, வேப்பமரத்தில் கட்டியிருந்த செவலை நாயிடம், "வீட்டைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

செவலைக்குப் பெருமை தாங்கவில்லை.

மதில்மேல் இருந்த பூனை கேட்டது: "சங்கிலிய அவுக்க மறந்துட்டாரா?"

"மறக்கல. நானும் போயிட்டா வீட்டை யாரு பாக்குறது? ஆட்டை நம்பியா விட்டுட்டுப் போக முடியும்?"

"தண்ணி வந்தா என்ன பண்ணுவே?"

"குரைப்பேன்."

பூனை செவலையின் கழுத்துச் சங்கிலியை ஒருமுறை பார்த்தது. பிறகு மதிலிலிருந்து குதித்து மேட்டுப் பக்கம் போய்விட்டது.

புயல் கூரையைப் பிய்த்தெறிந்தது. கடல் முற்றத்துக்குள் வந்தது. செவலை துவைக்கிற கல்மேல் ஏறி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி, குரல் அடங்கும்வரை குரைத்தது.

மூன்றாம் நாள்தான் வீட்டுக்காரர் வந்தார். செவலை நடுங்கிக்கொண்டே வாலை ஆட்டியது. அவர் கூரையில்லாத வீட்டைப் பார்த்தார், இடிந்துகிடந்த சுவரைப் பார்த்தார்.

"இங்கயேதானடா கெடந்தே? என்னத்தப் பாத்துக்கிட்டே?" என்று எட்டி உதைத்தார்.

செவலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. கடல் உள்ளே வந்தபோது வெறுமனே குரைத்துக்கொண்டிருக்காமல், பாய்ந்து கடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டது.