ஒண்ணும் தெரியாத பிள்ளை

"உள்ள எது கேட்டாலும் 'தெரியாது'ன்னுதான் சொல்லணும். புரிஞ்சுதா?"

பக்கத்து நாற்காலிக்காரி தன் மகன்கிட்ட சொல்லிட்டிருந்தா. பையனுக்கு எட்டு வயசு இருக்கும். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, தரையில சேறு படாம பூட்ஸ் மேல மாட்டின பிளாஸ்டிக் உறையையே பார்த்துட்டிருந்தான்.

"குதிரைப் படம் காட்டினா?"ன்னு கேட்டான்.

"தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"தெரியாதுடா தாலாய். எத்தனை தடவை சொல்றது?" தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளினா.

பேச்சுலயும் படிப்புலயும் பின்தங்கின பிள்ளைங்களுக்காக வருஷத்துக்கு ஒரு தடவை கூடுற கமிஷன் இது. டாக்டரும் டீச்சர்களுமா அஞ்சு பேர் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கணும், பக்கத்துல துணை டீச்சர் வேணுமா வேண்டாமான்னு எழுதிக் கொடுப்பாங்க. அதுக்காகத்தான் ஏரிக்கரை கிராமத்திலேர்ந்து வேன் பிடிச்சு, பனியில நாலு மணி நேரம் வந்து இந்த வராந்தாவுல காத்துக் கிடக்கிறோம். இவ என்னடான்னா பிள்ளை வாயை அடைக்கிறா.

பொறுக்க முடியாம கேட்டுட்டேன்.

"ஏம்மா, பெத்த பிள்ளையை முட்டாளாக்கிக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?"

அவ கோபப்படலை. என் மடியில சாய்ஞ்சிருந்தவளைப் பார்த்தா.

"உங்க பொண்ணாக்கா?"

"ஆமா. பெகிமாய். ஏழு வயசு. இவளுக்குப் பேச்சே வராதுன்னு இதே கமிஷன்தான் சொல்லிச்சு. இன்னிக்கு வந்து கேட்கட்டும். இருபது வரைக்கும் எண்ணுவா. தன் பேரைத் தானே சொல்லுவா. அதைச் சொல்ல வைக்கவே எட்டு மாசம் ஆச்சு."

என் மக அவகிட்ட ஒரு பூர்சோக் ரொட்டித் துண்டை நீட்டி, "பெ...கி...மாய்"ன்னா. வீட்ல அதிகாலையில எண்ணெயில பொரிச்சு எடுத்துட்டு வந்தது. அவ அதை வாங்கிக்கிட்டா, ஆனா வாயில போடலை.

"யாருக்கா சொல்லிக் கொடுத்தது?"

"துணை டீச்சர்தான். ஐனுரான்னு ஒரு பொண்ணு. அவ பக்கத்துல இல்லைன்னா இவ பென்சிலைக்கூடத் தொட மாட்டா."

"போன வருஷம் நானும் இப்படித்தான் வந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு." அவ குரலைத் தாழ்த்திக்கிட்டா. "பத்துக் கேள்வியில ஒம்பதுக்குப் பதில் சொன்னான். கமிஷன் தலைவியம்மா கைதட்டினாங்க. 'நல்ல முன்னேற்றம்'னு எழுதினாங்க. அடுத்த வரியில 'துணை டீச்சர் தேவையில்லை'ன்னும் எழுதினாங்க."

"அப்புறம்?"

"கடைசி பெஞ்சுல தனியா உட்கார வச்சாங்க. அக்டோபர்ல மணிச் சத்தத்துக்குப் பயந்து கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிட்டான். லாரிக்காரன் பிரேக் போட்டதால பிழைச்சான். 'வீட்டோட வச்சுக்கம்மா'ன்னுட்டார் ஹெட்மாஸ்டர். ஆறு மாசமா வீட்லதான் கிடக்கான். அழுத பிள்ளைக்குப் பால்னு சொல்வாங்க. இங்க மக்குப் பிள்ளைக்குத்தான்க்கா டீச்சர்."

"அது உன் நேரம். அதுக்காகப் பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுப்பியா? அதுக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்."

அதுக்குள்ள தாலாய் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு பேரும் உள்ள போனாங்க. தாழ்ப்பாள் உடைஞ்ச கதவு, சரியா மூடலை. எல்லாம் காதுல விழுந்தது.

"இது என்ன மிருகம்?"

சத்தமே இல்லை.

"சரி, இது என்ன நிறம்?"

"தெரியாது."

"இப்ப என்ன காலம்?"

ஜன்னலுக்கு வெளியே ஏப்ரல் மாசத்துப் பனி கொட்டிட்டிருந்தது. இந்தக் கேள்வியிலதான் நிறையப் பிள்ளைங்க மாட்டிக்கும். "ஜன்னலைப் பார்க்காதே, வசந்தம்னு சொல்லு"ன்னு நான் பெகிமாய்க்கு ஒரு மாசமா ஓதி வச்சிருந்தேன்.

"தெரியாது"ன்னான் தாலாய்.

"த்சு... போன வருஷம் எவ்வளவு நல்லா இருந்தான். எழுதுங்க, துணை டீச்சர் அவசியம் வேணும்."

அவ வெளிய வந்தப்ப கையில முத்திரை குத்தின காகிதம் இருந்தது. கீழே உட்கார்ந்து, மகனோட பூட்ஸ்லேர்ந்து பிளாஸ்டிக் உறையைக் கழட்டினா. அவன் குனிஞ்சு கேட்டான்.

"அம்மா, இப்பச் சொல்லலாமா?"

"சொல்லு."

"குதிரை. நீலம். வெளிய பனி பெய்யுது, ஆனா வசந்தம்." மூச்சு விடாம சொல்லி முடிச்சான். "எல்லாம் தெரிஞ்சுது. ஒண்ணுகூடச் சொல்லலை. நான் மக்கு இல்லைதானே?"

அவ அவனைக் கட்டிக்கிட்டு அழுதா. எனக்கு அவ முகத்தைப் பார்க்க வெட்கமா இருந்தது.

"பெகிமாய்"னு உள்ளேர்ந்து குரல் வந்தது.

என் மக துள்ளி எழுந்தா. "அம்மா... பேர்... சொல்லட்டா?"

எனக்கு ஐனுரா ஞாபகம் வந்தா. அப்புறம் எங்க பள்ளிக்கூடத்து வாசல்ல ஓடுற ரோடு. பெகிமாய் தோளைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"சொல்லாதே கண்ணு. உள்ள உனக்கு ஒண்ணும் தெரியாது."

"பேரு?"

"அதுவும் தெரியாது."