ஆளுக்குப் பாதி

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். குளித்தான். முந்தின நாள் துவைத்த சட்டைக்கு இஸ்திரி போட்டான், காலரை மட்டும் இரண்டாவது தடவை தேய்த்தான். தேநீர் போட்டு நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஏழே காலுக்கு அழைப்பு மணி அடித்தது.

குச்சி வந்திருந்தாள். மனைவியின் கல்லூரித் தோழி. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம் என்பதால் மனைவி வைத்த பெயர். முதுகில் அவளைவிட அகலமான பை.

மறுநாள் அவளுக்கு விமானம். இரண்டு தோழிகளும் ஆறு வருடமாகத் திட்டம் போட்ட வெளிநாட்டுப் பயணம். இப்போது ஒருத்தி மட்டும் போகிறாள். மனைவியின் பையில் இருக்கும் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். அஞ்சு நிமிஷ வேலைதான் அண்ணா என்றாள்.

அந்தப் பை நான்கு மாதமாகப் பீரோவின் மேல் கிடந்தது. இறக்கினான். இப்போதுதான் திறந்து பார்த்தான்.

உள்ளே எல்லாமே பாதி.

கூடாரத்தின் கம்பிகள் இருந்தன, துணி இல்லை. பாத்திரம் இருந்தது, மூடி இல்லை. சோப்பைக் கத்தியால் இரண்டாக நறுக்கியதில் ஒரு துண்டு. வழிகாட்டிப் புத்தகத்தை நடுவில் கிழித்ததில் நூற்று அறுபது பக்கம். அங்கே ஒரு வாக்கியம் அந்தரத்தில் நின்றது.

மீதிப் பாதியெல்லாம் குச்சியின் முதுகில்.

ஆளுக்கு எட்டுக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதற்குத்தான் இந்தப் பங்கு. மாதக்கணக்கில் சாயங்காலமெல்லாம் போனில் பிரித்தார்கள். உனக்குக் கம்பி, எனக்குத் துணி. உனக்கு டார்ச், எனக்கு மாத்திரை. பல் துலக்கும் பிரஷ்ஷைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, கைப்பிடி கனம் என்று மனைவி அதை அறுத்தே போட்டாள். அதற்கு ஒரு சிரிப்பு. அவன் அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான்.

வயிறு எரியும்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவனும் அவளும் எதையும் இப்படி நறுக்கிப் பங்கு போட்டதில்லை. பற்பசைகூட ஆளுக்கொன்று.

நீங்களும் வர்றீங்களா என்று ஒரு நாளாவது கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. எனக்கு லீவு கிடைக்காது என்று, கேட்காத கேள்விக்கு அவனே முந்திக்கொண்டு பதில் சொன்னான். நல்லதாப் போச்சு, வீட்டைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே என்று அவள் சிரித்தாள்.

கடைசியிலும் அப்படித்தான். ஐந்தே நாள் காய்ச்சல். அவன் மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வரிசையில் நின்றபோது, அவள் கடைசியாகப் பேசியதும் குச்சியின் காதுக்குத்தான் போனது. அவன் மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

அவரைப் பார்த்துக்கோ என்று சொன்னாளாம். குச்சி எல்லாரிடமும் அதைத்தான் சொன்னாள். மாமியார் சொல்லிச் சொல்லி அழுதார். ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசி மூச்சிலும் உன் நினைப்புதான் பார் என்று ஆளாளுக்கு அவனைத் தேற்றினார்கள்.

அவனுக்கு அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் பொறாமைதான்.

நாலு தடவை குச்சியைத் திரும்பச் சொல்லச் சொல்லியிருக்கிறான். ஒரு தடவை, பார்த்துக்கோ. இன்னொரு தடவை, பத்திரமா பார்த்துக்கோ. போன வாரம், தனியா விட்டுடாதே.

குச்சி பாத்திரத்தையும் சோப்பையும் தன் பையில் செருகினாள். கம்பிகளுக்குக் கை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை.

"அவ என்ன சொன்னாளோ அதை அப்படியே சொல்லு. அப்புறம் எடுத்துட்டுப் போ."

சொன்ன பிறகுதான், பொம்மையைத் தர மறுக்கும் குழந்தை மாதிரி கம்பிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

குச்சி பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அத்தனை உயரத்தையும் மடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பார்த்துக்கோ என்றெல்லாம் அவள் சொல்லவே இல்லை என்றாள். மருந்துச் சீட்டை அவன் கையில் திணித்துக் கீழே அனுப்பியதே, தோழியிடம் தனியாக ஒன்று கேட்கத்தான். கேட்டாள். குச்சி வெடுக்கென்று முடியாதுடீ என்றுவிட்டாள். ஆறு வருடம் காத்திருந்தவள், பொறுக்கவில்லை. மனைவி மறுபேச்சுப் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான். வாசலில் வந்து நின்றவர்களிடம் இதை எந்த வாயால் சொல்வது? அதனால் எல்லாரும் கேட்க ஆசைப்பட்டதைச் சொல்லிவிட்டாள்.

அப்படி என்னதான் கேட்டாள் என்றான்.

குச்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சொன்ன மாதிரியே, அதே குரலில் சொன்னாள்.

"இந்த மனுஷனையும் கூட்டிக்கலாமாடீ? கூடாரத்துல மூணு பேர் படுக்கலாம்ல?"