கஜேந்திரனின் கழுகுக் கண்

"மச்சான், இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒங்க போன தாங்களேன்!"

கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த அக்கா புருஷன் விஜேந்திரனிடம் கெஞ்சினான் கஜேந்திரன்.

"ஒன் போனுக்கு என்னடா வந்துச்சு?"

"அதுல கேம் ஆடுனா மரமெல்லாம் பச்சைப் பெட்டி மாதிரி தெரியுது. தரை, கவ்வாத்து வெட்டுன தேயிலை மலையாட்டம் மொட்டையா கெடக்கு. இன்னிக்கு பைனலுங்க. எல்லாரோட ஸ்கிரீனையும் யூடியூப்ல லைவா காட்டப் போறாங்களாம். மானமே போயிரும் மச்சான்."

மானம் போகக் காரணம் இருந்தது. நாலு பேர் டீமில் மற்ற மூவரையும் அவன் நேரில் பார்த்ததே இல்லை. பதுளை டவுனில் மாடி வீடு, புத்தம் புது போன், எல்லாமே ஹை கிராபிக்ஸ் என்று அவர்களிடம் அளந்து விட்டிருந்தான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் கண்ணாடி உடைந்த போனோடு இருக்கிறேன் என்று சொல்ல வெட்கம். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்லி, இப்போது அந்தப் பொய்களை நினைத்தால்தான் அதிக வெட்கமாக இருந்தது.

ஆனால் ஆட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிரி எங்கே பதுங்கினாலும், "இந்தா கெடக்கான்!" என்று காட்டிக் கொடுத்துவிடுவான். "கஜனுக்குக் கழுகுக் கண்ணு" என்பான் பண்டாரவளையில் இருந்து ஆடும் கேப்டன் மதுசூதனன். பைனலில் ஜெயித்தால் நாலு பேரும் கொழும்புப் போட்டிக்குப் போகலாம்.

"கீழ போட்டுறாத" என்று மச்சான் போனை நீட்டினார்.

சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டில் ஏறி உட்கார்ந்தான் கஜேந்திரன். ஆட்டம் தொடங்கியது. அடேயப்பா! மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. ஆற்றில் வெயில் மின்னியது. இனி எவன் பார்த்தால் என்ன என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"கஜன், முன்னுக்கு யாராச்சும் இருக்கானா பாரு" என்றது காதில் மதுசூதனனின் குரல்.

இடுப்பளவு புல் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. உற்று உற்றுப் பார்த்தான்.

"ஒருத்தனும் இல்லண்ணே. தைரியமா வாங்க!"

நம்பி வந்தார்கள். புல்லுக்குள் படுத்திருந்த ஒருவன் படபடவென்று சுட்டுத் தள்ளினான். நாலு பேரும் காலி. கொழும்பும் காலி.

கஜேந்திரன் கூனிக் குறுகிப் போனான். "மன்னிச்சிருங்கண்ணே. எனக்கு நெசமாவே தெரியல."

மதுசூதனன் கேட்டான்.

"கஜன், இன்னிக்கு வேற போன்லயா ஆடுன?"

"இல்லண்ணே, எப்பவும் இதுதானே!" இப்போதும் பொய்தான் வந்தது. அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

"இன்னும் எதுக்குடா மறைக்கிற? நல்ல போனுல புல்லு அடர்த்தியா நின்னு ஆள மறைச்சிரும். ஒன் பழைய போனுல புல்லே வராது, படுத்திருக்கவன் பளிச்சுனு தெரிவான். அது மொத நாளே எங்களுக்குத் தெரியும். அந்த போனுக்காகத்தானேடா ஒன்ன டீம்ல சேத்தோம்!"