கண்ணாடிக் கேபினெட்

"காசு குடுக்கது நானா நீயாலே? லைட்டு எரியுத கேபினெட்டத்தான் எடுத்துத் தரணும்!"

மகாதேவன் போட்ட சத்தத்தில், தென்காசியின் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தொன்பது வயசு ஆம்பிளை, கொடைத் திருவிழாவில் பலூனுக்கு அழுகிற பிள்ளை மாதிரி காலை உதைக்காத குறைதான்.

கவுண்டரில் நின்ற மணிமுத்துவுக்குக் கோபமே வரவில்லை. "அண்ணே, ஒங்க பட்ஜெட்டு அம்பதாயிரம். கண்ணாடிக் கேபினெட்டு, அஞ்சு லைட்டு ஃபேனுன்னு பதினாலாயிரத்த அதுலயே விட்டுட்டா, கிராபிக்ஸ் கார்டுக்கு எங்கன போவ? கேம் ஓடுததே அதுலதாம்ணே. கேபினெட்டு வெறும் வெளிப்பெட்டிதான, ரெண்டாயிரத்துக்குச் சாதா கேபினெட்டு போதும்."

"ஏம்பா, வந்த யாவாரத்த வேண்டாம்னு சொல்லத்தான் ஒன்னய சம்பளத்துக்கு வச்சிருக்காகளா?" என்று குறுக்கே புகுந்தாள் மகாதேவனின் அம்மா உமாராணி.

உமாராணிக்குக் கேமைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊரைப் பற்றி எல்லாம் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஐந்தருவியில் மகனுக்குப் பெண் பார்ப்பு. செங்கோட்டை வேல்விழியின் வீட்டார் சாரல் சீசனுக்கு அருவியில் குளிக்க வந்த மாதிரி வருவார்கள். இவர்களும் தற்செயலாகப் போன மாதிரி போய் நிற்பார்கள். பிடிக்காவிட்டாலும் இரண்டு பக்கமும் மூக்கறுபடாது.

ஏற்கெனவே ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த எட்டாவதும் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது. அந்த நேரம் பார்த்து, "கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தாத்தான் வருவேன்" என்று மகன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டதால்தான், தாய் இங்கே வந்து நிற்கிறாள்.

பெண் வீட்டார் விசாரிக்க வருவார்கள் என்று, தெருமுக்கு டீக்கடை, பலசரக்குக் கடை, துணி தேய்க்கிற வண்டிக்காரர் என ஒருவர் விடாமல் மகனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி முன்னாடியே ஏற்பாடு பண்ணி வைத்திருந்தாள். அவ்வளவு முன்ஜாக்கிரதை!

"உள்ள என்ன கெடக்குன்னு எவன் தெறந்து பாக்கப் போறான்? நாளைக்குச் சம்பந்தக்காரவுக வந்தா ஹால்ல மினுமினுன்னு எரியணும்லா. அந்தக் கார்டோ கீர்டோ, அடுத்த வருசம் வாங்கிக்கிடட்டும்."

"அதுவரைக்கும் லைட்ட மட்டும் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதாம்க்கா" என்றான் மணிமுத்து.

"ஏலே, வாய் ரொம்ப நீளுது ஒனக்கு. அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸும் வெல ஜாஸ்தி. எழுநூறு ரூவாய்க்கு ஒண்ணு இருக்குல்லா, அதப் போடு" என்றான் மகாதேவன்.

"எல்லாத்துக்கும் கரண்டு குடுக்குத சாமாம்ணே அது. நம்மூரு கரண்டு ஏறி எறங்குத லட்சணம் தெரியாதா? மட்டமா போட்டா மத்ததையும் சேத்து எரிச்சிப்புடும். உண்மையச் சொல்லணும்னா, எங்களுக்கு லாபம் அந்தக் கேபினெட்டுலதான். அதுக்காக ஒங்கள ஏமாத்த முடியுமா?"

அதுவரை ஓரமாக நின்ற பெரியவர் ஒருவர் கனைத்தார். தலை ஈரம் காயவில்லை. தோளில் துண்டு, கையில் ஒரு பழைய மவுஸ். "அந்தத் தம்பி சொல்லுததும் சரியாத்தான தெரியுது" என்றார்.

"குளிச்சோமா, தலையத் தொவட்டுனோமான்னு ஒங்க சோலியப் பாருங்க அண்ணாச்சி" என்று வெட்டினாள் உமாராணி. மகன் அதற்கு ஒரு சிரிப்பு வேறு சிரித்தான்.

பெரியவர் மணிமுத்துவிடம் மவுஸை நீட்டினார். மணிமுத்து அதைக் கழற்றி ஊதி, துடைத்து, ஓடவிட்டுக் காட்டினான். "தூசிதான் அண்ணாச்சி, காசெல்லாம் வேண்டாம்."

"எந்தூரு தம்பி?"

"பண்பொழி அண்ணாச்சி."

ஒரு மவுஸைத் துடைத்ததற்கு ஊர் விசாரணையா என்று உமாராணி மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். அவள் சொன்ன கேபினெட்டும் மகன் சொன்ன மட்டச் சாமானும் ஆட்டோவில் ஏறின. கிராபிக்ஸ் கார்டு ஏறவில்லை.

நாலு மணிக்கு ஐந்தருவியில் மகாதேவன் புதுச் சட்டையோடு நின்றான். ஐந்தாயிற்று, ஆறாயிற்று. சாரலில் சட்டை நனைந்து ஒட்டியதுதான் மிச்சம்; செங்கோட்டையிலிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை. தரகர் செல்லப்பாவுக்குப் போன் போட்டால் எடுக்கவேயில்லை.

ஆவணி முடிகிற சமயத்தில், வேல்விழிக்குக் கல்யாணம் நடந்துவிட்டது என்ற சேதி வந்தது. மகாதேவன் ஹாலில் ஏழு நிறத்தில் எரிகிற பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சீட்டுக்கட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டியில் ஓடுகிற ஒரே விளையாட்டு அதுதான்.

உமாராணி மார்க்கெட்டில் தரகரை மடக்கிப் பிடித்தாள். "ஏன் அண்ணாச்சி, அன்னைக்கு எங்கள அருவிக்கரையில நிக்கவச்சிட்டு எங்க ஓடுனிய?"

"நான் என்ன செய்ய? நீங்க கடைக்குப் போறியன்னு வாய் தவறி பொண்ணோட அப்பாட்ட சொல்லிப்புட்டேன். அருவியில குளிச்ச கையோட அந்த மனுசன் நேரா அங்கன வந்துட்டாரு. ரிப்பேருக்குன்னு வண்டியில கெடந்த மவுஸும் கையுமா நின்னாராமே, ஒருத்தரு?"

கடையில் தான் வெட்டிப் பேசிய ஈரத்தலைப் பெரியவரை உமாராணி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "வேவு பாக்க வந்தாராக்கும்! மாப்பிள்ள பாக்குத லட்சணமா இது?"

செல்லப்பா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"மாப்பிள்ள பாக்கத்தாம்க்கா வந்தாரு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னவனப் புடிச்சுப்போச்சு."