பழசைப் போட்டால்தான் தூங்குகிறாள்

துணி மாட்டும் அறைக்குள் இரண்டு முக்காலிகளைப் போட்டு, கதவைச் சாத்தி, நடுவில் மைக்கை வைத்துவிட்டு, அவன் முதல் நேயரின் குரலை ஓடவிட்டான்.

டாக்சி ஓட்டுகிறவர். சவாரிக்கும் சவாரிக்கும் நடுவே கேட்பாராம். இந்த ஊரில் தன்னோடு தமிழில் பேசுவது நீங்கள் இரண்டு பேர்தான் என்றார். என்ன, பதில் சொன்னால்தான் காதில் வாங்குவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

வெளிநாட்டுப் பெருநகரத்தில் குடும்பம் நடத்தும் கூத்தை வாராவாரம் இருவரும் பேசிப் பதிவு செய்து பாட்காஸ்டாகப் போடுகிறார்கள். இந்த வாரம் நேயர்களுக்கு நன்றி சொல்லும் வாரம். முதல் நிகழ்ச்சியிலேயே வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு மழையில் நின்ற கதையைச் சொன்னதால் அவன் எல்லோருக்கும் சாவி அண்ணன். அவள் அண்ணி.

அண்ணி வேறு இடம் பார்த்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை. அடுத்த வாரம் போகிறாள், தனியாக. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மைக்குக்கு முன்னால் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லித் தீர்த்துவிடக் கூடாது என்பது அவன் போட்ட விதி. முதல் தடவை கேட்கும்போது வருகிற சிரிப்பு இரண்டாம் தடவை வராது என்பான். பஸ்ஸில் ஒருத்தி சண்டைக்கு வந்தது, மேனேஜர் அவள் பெயரைக் கடித்துத் துப்பியது, எதை ஆரம்பித்தாலும் கையைத் தூக்கிவிடுவான். இரு, இரு, ரெக்கார்டிங்கில் சொல்லு.

ஆரம்பத்தில் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, கண்ணை அகல விரித்துக்கொண்டு தன் வாயையே பார்க்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

ஒரு நாள் ஊரிலிருந்து அம்மா போனில் பேசினாள். நடுவில், பெற்ற மகளிடமே நீ யாரும்மா என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு அவள் அடுக்களைக்கு வந்து, அம்மா இன்னிக்கு ஒன்னு கேட்டாங்க என்று ஆரம்பித்தாள்.

அவன் கையைத் தூக்கினான். முகத்தில் அதற்குள் சிரிப்பு. மாமியார் கதை என்றாலே நேயர்களுக்குக் கொண்டாட்டம்.

அவள் அதை மைக்கிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

அடுத்த குரல், சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் இரண்டு பெண்கள். ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்களாம். அண்ணி எதைச் சொன்னாலும் அண்ணன் அப்போதுதான் கேட்கிற மாதிரி அப்படியா, அப்படியா என்கிறாரே, அதற்காகவே கேட்கிறோம் என்றார்கள்.

பார்த்தாயா என்பதுபோல அவன் புருவத்தை உயர்த்தினான்.

மூன்றாவது குரல் ஒரு கைக்குழந்தைக்காரி. பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"உங்க ரெண்டு பேர் குரலைக் கேட்டாத்தான் என் பொண்ணு தூங்குவா அண்ணி. இப்ப பழசைப் போட்டாத்தான் தூங்குறா, புதுசைப் போட்டா முழிச்சுக்குறா. முன்னெல்லாம் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும், இப்ப சுவத்துல முட்டிக்கிட்டு வருது. வீடு கீடு மாத்துறீங்களா?"

அவன் பதிவை நிறுத்தினான். அவளைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தான்.

கடைசிக் கேள்வியை வெட்டிவிடலாம், ஆனால் குறை நியாயமான குறை என்றான். கேபிளை மாற்றினான். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தான். மைக் கிழடாகிவிட்டது, என்னைப் போல என்றான். அவள் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து நின்று கைதட்டிப் பார்த்தான். அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கிய தன் சட்டைகளைப் பார்த்துத் தட்டினான். சத்தம் அங்கேயே அமுங்கிப்போனது.

திரும்பி, தன் முதுகுப் பக்கம் தட்டினான். சத்தம் திரும்பி வந்தது.

அந்தப் பக்கம் அவளுடையது. புடவைகளும் சுடிதார்களும் கனத்த குளிர்கோட்டுகளும் நெருக்கியடித்துத் தொங்கிய கம்பியில் வெறும் ஹேங்கர்கள். ஓரத்தில் அவனுடைய கல்யாணக் கோட்டு மட்டும், உறை பிரிக்காமல்.

ஒளித்து வைத்து எடுத்துப் போகவில்லை. வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு பையாக, அவன் கண்ணெதிரேதான் கொண்டுபோனாள். ஒரு தடவை லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவன்தான். கனமா இருக்கே என்றுகூடச் சொன்னான். உள்ளே என்ன என்று கேட்டிருந்தால் லிஃப்டிலேயே சொல்லியிருப்பாள். போகாமலும் இருந்திருப்பாளோ என்னவோ.

அவன் ஒரு ஹேங்கரைத் தொட்டான். அது ஆடி, பக்கத்து ஹேங்கரில் இடித்தது.

மைக் ஓடவில்லை. அவன் கையைத் தூக்கவும் இல்லை.

"எப்பலேருந்து?" என்றான்.

ஒவ்வொரு பையோடும் அவள் காத்திருந்த கேள்வி. அதற்குப் பதிலை எத்தனையோ தடவை பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தாள்.

"அதை ஏன் கேக்குறீங்க, போங்க" என்று வந்தது, நேயர்களிடம் பேசும் அந்தக் கலகலப்பான குரல்.

அதைக் கேட்டதும், பழக்கதோஷம், அவனும் லேசாகச் சிரித்துவிட்டான்.